புதுமடத்துக் கர்ப்பிணியும் ஒரு குவளை குளுக்கோஸ் நீரும்

ராமநாதபுரத்திலிருந்து ராமேசுவரத்துக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், உச்சிப்புளிக்கு அருகே தெற்கு நோக்கிப் பிரியும் பாதையில் சென்றால், பனையும் தென்னையும் மணல்வெளியும் மாறிமாறி வந்து, மன்னார் வளைகுடாவின் கரையில் புதுமடம் என்னும் ஊர் தென்படுகிறது. இஸ்லாமிய மக்கள் மிகுதியாக வாழும் இந்தக் கடற்கரை ஊரில், ஆண்கள் பலர் ஜீவனத்தின் பொருட்டு அரபு நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் சென்றுவிடுவதால், வீட்டையும் பிள்ளைகளையும் நிர்வகிக்கும் பொறுப்பு பெரும்பாலும் பெண்களிடமே இருக்கிறது. மருமகள் மாசமாக இருக்கிறாள் என்ற செய்தி தெரிந்த நாள் முதல், அவள் எதை உண்ண வேண்டும், எங்கே போகலாம், எந்த ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும் என்பனவெல்லாம் உம்மாவும் மாமியும் கூடி முடிவு செய்கிற காரியங்கள். கணவனுடைய அபிப்பிராயம் கைப்பேசி வழியே பிறகு வந்து சேரும். அத்தகைய வீட்டுக்குள் கிராம சுகாதார செவிலியர் வந்து, "புள்ளைக்குச் சுகர் டெஸ்ட் எடுக்கணும், குளுக்கோஸ் தண்ணி குடிச்சிட்டு ரெண்டு மணி நேரம் இருக்கணும்" என்று சொல்லும்போது, மூத்தவர்களிடமிருந்து எழக்கூடிய முதல் கேள்வி இதுதான்: "எங்க வம்சத்திலேயே சுகர் கிடையாதும்மா, இந்த வயசுப் புள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்?"

இந்தக் கேள்வியை அறியாமையின் பேச்சென்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. நெடுங்காலம் உலகத்தின் பெரிய வைத்தியர்களும் இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வயது கூடியவர்கள், உடல் பருத்தவர்கள், பெற்றோருக்கு நீரிழிவு உள்ளவர்கள், முன் பிரசவத்தில் குழந்தையை இழந்தவர்கள் என்று சிலரை மட்டும் பிரித்தெடுத்து அவர்களுக்கு மாத்திரம் சர்க்கரைப் பரிசோதனை செய்தால் போதுமென்பது மேல்நாடுகள் பலவற்றில் நிலவிய வழக்கம். ஆனால், 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்வதாகவும், தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 விழுக்காட்டினர் அந்நோய்க்கு ஆளாகியிருப்பதாகவும் கணக்கிட்டிருக்கிறது. அப்படிப்பட்ட தேசத்தில், இந்தியப் பெண்ணாகப் பிறந்திருப்பதே இந்தச் சோதனைக்குப் போதிய காரணம். ஆகையால் மாசமாக இருக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும், ஒல்லியானவள் பருத்தவள் என்ற பேதமும், முதல் பிள்ளை நான்காம் பிள்ளை என்ற பேதமும் பாராமல், சோதனை செய்தே தீர வேண்டும் என்ற முடிவுக்கு இந்தியாவில் முதன்முதலாக வந்து, அதை அரசாங்கக் காரியமாகவே ஏற்றுக்கொண்ட மாநிலம் தமிழ்நாடு. இந்தப் பெருமையை நம்மில் பலர் அறியாமலிருப்பது வருத்தத்துக்குரியது.

கர்ப்பகாலத்தில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். நச்சுக்கொடி என்று நம் பாட்டிமார் சொல்லும் உறுப்பு, தாய்க்கும் சிசுவுக்கும் இடையே உணவைக் கடத்துவதோடு நில்லாமல், தானே பலவகை ஹார்மோன்களைச் சுரந்து தாயின் இரத்தத்தில் கலக்கிறது. சிசுவுக்குச் சர்க்கரை தடையின்றிக் கிடைக்க வேண்டும் என்பதற்காக, தாயின் உடம்பில் இன்சுலின் முன்போல் எளிதாக வேலை செய்யாதபடி அந்த ஹார்மோன்கள் தடுக்கின்றன. நான்காம் ஐந்தாம் மாதங்களுக்கு மேல் இந்தத் தடை நாளுக்கு நாள் வலுக்கிறது. பெரும்பாலான பெண்களின் கணையம் இதை ஈடுசெய்யக் கூடுதலான இன்சுலினைச் சுரந்து சமாளித்துக்கொள்கிறது. அவ்வாறு சமாளிக்க இயலாத பெண்ணின் இரத்தத்தில் சர்க்கரை ஏறிவிடுகிறது; இதுவே கர்ப்பகால நீரிழிவு. அவளுக்குத் தலைசுற்றலோ வலியோ வருவதில்லை. சிறுநீர் அடிக்கடி கழிவதும், களைப்பும், தாகமும் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் உள்ளவையே என்பதால், அவளுக்கும் சந்தேகம் தோன்றாது, பக்கத்தில் இருப்பவர்களுக்கும் தோன்றாது.

இதில் மற்றொரு நுட்பமான விஷயம் இருக்கிறது. தாயின் சர்க்கரை நச்சுக்கொடியைக் கடந்து சிசுவிடம் போய்ச் சேர்கிறது. தாயின் இன்சுலினோ கடப்பதில்லை. ஆகவே அளவுக்கு மீறி வந்து சேரும் சர்க்கரையைச் சமாளிக்க, கருவில் இருக்கும் அந்தச் சின்னஞ்சிறு ஜீவன் தன் கணையத்தைக்கொண்டு தானே இன்சுலினை மிகுதியாகச் சுரக்க வேண்டியதாகிறது. டென்மார்க் தேசத்து வைத்தியர் ஜோர்கன் பெடர்சன் 1950-களில் விளக்கிக் காட்டிய உண்மை இது. அந்த இன்சுலினின் செயலால் சிசுவின் உடம்பில் கொழுப்புச் சேர்ந்து, தோளும் வயிறும் பருக்கின்றன. தலை வெளிவந்த பிறகு தோள் சிக்கிக்கொள்ளும் ஆபத்து நேர்கிறது. பிறந்து தொப்புள்கொடி அறுபட்டவுடன் தாயிடமிருந்து வரும் சர்க்கரை சட்டென்று நின்றுவிட, குழந்தையின் இன்சுலின் மட்டும் மிஞ்சி நிற்பதால், அதன் இரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துபோகிறது. மூச்சுத் திணறல், மஞ்சள் காமாலை முதலியவையும், சில வேளைகளில் காரணம் தெரியாமல் வயிற்றுக்குள்ளேயே சிசு இறந்துபோவதும் இந்நோயின் விளைவுகளே. நம் ஊர்களில் குண்டுக் குழந்தை பிறந்தால் திருஷ்டி கழிக்கிறோம். மகிழ்ச்சியோடு நிறுத்த எடையை ஊரெல்லாம் சொல்கிறோம். அந்த மகிழ்ச்சியைக் குலைக்க எனக்கு மனமில்லை. ஆனால் நாலு கிலோ எடையில் ஒரு குழந்தை பிறந்த வீட்டில், அதன் தாய்க்குச் சர்க்கரை பார்த்தார்களா என்று யாராவது ஒருவர் கேட்டாக வேண்டும்.

இந்நோயை மருத்துவ நூல்கள் முதன்முதலில் எழுத்தில் பதிவு செய்தது 1824-ல், பெர்லின் நகரத்தில். பென்னவிட்ஸ் என்ற இளம் வைத்தியர் தம் பட்டத்துக்காக எழுதிய ஆய்வில், கர்ப்பகாலத்தில் தாங்கொணாத் தாகத்தாலும் சர்க்கரை கலந்த சிறுநீராலும் வருந்திய ஒரு பெண்ணைப் பற்றி விவரித்திருக்கிறார். அவளுக்குப் பிறந்த குழந்தை 12 பவுண்டு எடையிருந்தது, பிரசவத்தைத் தாண்டிப் பிழைக்கவில்லை. அதற்கு ஏறக்குறைய நூறாண்டுக்குப் பின், 1921-ல் டொரான்டோ நகரில் இன்சுலின் கண்டறியப்படும் வரையில், நீரிழிவுள்ள பெண் கருத்தரிப்பதே அபூர்வம். தரித்தாலும் தாயும் பிள்ளையும் பிழைப்பது அதனினும் அபூர்வம். பிறகு 1964-ல், பாஸ்டன் நகரைச் சேர்ந்த ஓ'சல்லிவன் என்ற வைத்தியரும் மஹான் என்ற புள்ளியியல் அறிஞரும், கர்ப்பிணிக்குக் குளுக்கோஸ் கொடுத்து இரத்தத்தைச் சோதித்து, எந்த அளவுக்கு மேல் சர்க்கரை இருந்தால் அதை நோயென்று கொள்ள வேண்டும் என்பதற்கு முதன்முதலாக வரையறை வகுத்தார்கள். அவர்கள் அந்த எல்லையை நிர்ணயித்தது, குழந்தைக்கு வரும் தீங்கைக் கொண்டன்று; அந்தத் தாய்க்குப் பிற்காலத்தில் நிரந்தர நீரிழிவு வருமா என்பதைக் கொண்டே. இந்தச் செய்தியை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

சென்னையில் தோன்றிய வழி

நம் நாட்டில் இந்தக் காரியத்தைத் தம் வாழ்நாள் பணியாக மேற்கொண்டவர் டாக்டர் வீ. சேஷையா. சென்னை மருத்துவக் கல்லூரியில் நீரிழிவுக்கென்றே தனித் துறை ஏற்பட்டபோது, இந்தியாவிலேயே அத்தகைய முதல் துறைக்குத் தலைமை வகித்த பெருமை அவருடையது. அவரும் அவருடைய சகாக்களும் தமிழ்நாட்டில் நகரம், சிறுநகரம், கிராமம் என்று மூவகை இடங்களிலும் 12,000-க்கும் அதிகமான கர்ப்பிணிகளைச் சோதித்து, 2008-ல் வெளியிட்ட ஆய்வின்படி, கர்ப்பகால நீரிழிவு நகரத்தில் 17.8 விழுக்காடும், சிறுநகரத்தில் 13.8 விழுக்காடும், கிராமத்தில் 9.9 விழுக்காடும் இருந்தது. கிராமத்துக் கணக்குதான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. வயலிலும் கடலோரத்திலும் உழைத்து, மில்லரிசியும் மீனும் உண்டு வாழும் பெண்களில்கூடப் பத்தில் ஒருவருக்கு இந்நோய் இருக்கிறது என்றால், இதைப் பட்டணத்துச் சுகவாசிகளின் நோயென்று சொல்லிக்கொண்டு நாம் நிம்மதியாக இருக்க முடியாது.

சேஷையா அவர்கள் செய்த பெரிய காரியம், நோயைக் கணக்கெடுத்தது மட்டுமன்று, சோதனையை எளிமையாக்கியது. மேல்நாட்டு முறைப்படி, கர்ப்பிணி இரவு முழுவதும் பட்டினி கிடந்து, காலையில் வெறும் வயிற்றோடு ஆய்வுக்கூடத்துக்கு வந்து, குளுக்கோஸ் குடிப்பதற்கு முன்பும் பின்பும் இரண்டு மூன்று முறை கையை நீட்டி இரத்தம் கொடுக்க வேண்டும். வாந்தியும் மயக்கமுமாக இருக்கும் ஒரு பெண்ணை, புதுமடத்திலிருந்து விடியற்காலையில் பட்டினியாகப் புறப்படச் செய்து, உச்சிப்புளி வழியாக ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்கு பஸ் ஏற்றி, அங்கே வரிசையில் நிற்க வைத்து, நண்பகல் வரை சோறு தராமல் காக்க வைப்பது என்பது எத்தனை பேரால் ஆகக்கூடிய காரியம்? ஒருமுறை அப்படிப் போய் வந்தவள் மறுமுறை போகச் சம்மதிப்பாளா? இதை நன்குணர்ந்த சேஷையா, கர்ப்பிணி சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும், 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் செய்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒருமுறை இரத்தத்தைச் சோதித்து, சர்க்கரை 140 மில்லிகிராமையோ அதற்கு மேலோ தொட்டால் கர்ப்பகால நீரிழிவு என்று முடிவு கட்டலாம் என்ற வழியை வகுத்தார். கர்ப்பகால நீரிழிவு குறித்த ஆராய்ச்சிக்கென அவர் முன்னின்று நிறுவிய இந்தியக் குழு இம்முறையைப் பரப்பியது. 2007-ல் தமிழ்நாடு அரசாங்கம் இதை ஏற்று, எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சோதனை செய்ய உத்தரவிட்டது. 2014-லும் 2018-லும் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளிலும் இதே முறைதான் இடம்பெற்றது. அவர் பிறந்த நாளான மார்ச் 10, கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாக நாட்டில் அநுசரிக்கப்படுகிறது.

சோதனை எப்படி நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், வீட்டிலுள்ள பெரியவர்கள் படித்துத் தெரிந்துகொள்ளட்டும். குளுக்கோஸ் பொடியை ஏறத்தாழ 300 மில்லி தண்ணீரில் கரைத்துத் தருவார்கள். ஐந்து பத்து நிமிஷத்துக்குள் குடித்துவிட வேண்டும். திகட்டும், குமட்டும், எலுமிச்சைச் சாறு சில சொட்டு சேர்த்தால் சிலருக்கு உதவுகிறது. குடித்து அரை மணிக்குள் வாந்தியாகிவிட்டால் அன்று விட்டுவிட்டு மறுநாள் மீண்டும் செய்ய வேண்டும். அதற்குப் பிறகு வாந்தி வந்தால் சோதனையைத் தொடரலாம். இரண்டு மணி நேரம் கழித்து விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்து, குளுக்கோமீட்டர் என்ற சிறு கருவியில் வைத்தால், சில விநாடிகளில் எண் தெரிந்துவிடும். முதன்முதலாகப் பெயர் பதியச் செல்லும்போதே ஒருமுறை. அப்போது சர்க்கரை இல்லாவிட்டால் 24-லிருந்து 28 வாரங்களுக்குள் மறுமுறை. தமிழ்நாட்டில் எட்டாம் மாதத்திலும் ஒருமுறை பார்ப்பது நல்லதென்று வைத்தியர்கள் சொல்லுகிறார்கள். முதல்முறை இல்லாதது பின்னால் வரலாம் என்பதுதான் மறுசோதனையின் காரணம். ஆகவே "ஏற்கெனவே பார்த்தாச்சே" என்று தட்டிக்கழிப்பது தவறு.

இம்முறைக்கு ஆட்சேபணை இல்லாமலில்லை. 2008-ல் ஒன்பது நாடுகளில் ஏறத்தாழ 25,000 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து ஆராய்ந்து வெளியான ஒரு மகத்தான ஆய்வு, தாயின் சர்க்கரை சிறிது சிறிதாக ஏற ஏறக் குழந்தையின் எடையும் ஆபத்தும் சிறிது சிறிதாக ஏறுகின்றன, இதற்குமேல் நோய் இதற்குக்கீழ் சுகம் என்று கோடு கிழிக்க இயற்கையில் இடமில்லை என்று காட்டியது. அந்த ஆய்வில் இந்தியாவிலிருந்து ஒரு மையமும் இடம்பெறவில்லை. அதை ஆதாரமாகக் கொண்டு 2013-ல் உலக சுகாதார நிறுவனம், வெறும் வயிற்றில் 92, ஒரு மணியில் 180, இரண்டு மணியில் 153 என்ற புதிய எல்லைகளை ஏற்றுக்கொண்டது. சென்னையைச் சேர்ந்த டாக்டர் வி. மோகனும் அவருடைய குழுவினரும் 2014-ல் வெளியிட்ட ஒப்பாய்வில், பட்டினியில்லாத ஒற்றைச் சோதனை, முழுமுறைச் சோதனையில் அகப்படும் பெண்களில் பலரைத் தவறவிட்டுவிடுகிறது என்று கண்டார்கள். இது அலட்சியம் செய்யத் தக்க எச்சரிக்கையன்று. வசதியும் ஆய்வுக்கூடமும் கிட்டிய இடங்களில், வெறும் வயிற்றோடு முழுச் சோதனையும் செய்வதே மேல் என்று நானும் கருதுகிறேன். ஆனால் புதுமடம் போன்ற கடற்கரை ஊர்களில் முழுச் சோதனைக்கும் ஒற்றைச் சோதனைக்கும் இடையே தேர்வு நடப்பதில்லை; ஒற்றைச் சோதனைக்கும் சோதனையே இல்லாமைக்கும் இடையேதான் நடக்கிறது. சிலரைத் தவறவிடும் முறையானாலும், ஒருவரையும் பார்க்காத முறையைவிட அது ஆயிரம் மடங்கு மேலானது.

சோதித்துக் கண்டபின் சிகிச்சை பலன் தருமா என்ற ஐயத்துக்கும் விடை கிடைத்துவிட்டது. 2005-ல் ஆஸ்திரேலியாவில் ஆயிரம் பெண்களை இரு பிரிவாக்கி நடத்திய ஆராய்ச்சியில், சிகிச்சை பெற்ற தாய்மாரின் குழந்தைகளில் நூற்றில் ஒன்றுக்கும், பெறாதவர்களின் குழந்தைகளில் நூற்றில் நான்குக்கும் கடுமையான தீங்கு நேர்ந்தது. பிரசவமெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே நடக்கும் மாநிலம் நம்முடையது. தேசிய குடும்பநல ஆய்வின்படி 99.6 விழுக்காடு. அவ்வளவு தூரம் வந்துவிட்ட நமக்கு, அதற்கு முந்தைய மாதங்களில் ஒரு துளி இரத்தம் பார்ப்பது எட்டாத காரியமன்று.

ஏழாம் மாதத்துப் பலகாரமும் ரமலான் நோன்பும்

சர்க்கரை இருப்பதாகத் தெரிந்தவுடன் வீட்டில் ஒரு பரபரப்பு உண்டாகிறது. ஒரு பக்கம், "ரெண்டு உசுருக்குச் சாப்பிடணும்" என்ற பழைய அன்பு. மறுபக்கம், சோற்றையே நிறுத்திவிட வேண்டுமோ என்ற புதிய பயம். இரண்டும் வேண்டாம். பட்டினி போட்டால் தாயும் சிசுவும் மெலிவார்கள். அளவாகப் பிரித்து, மூன்று வேளைச் சாப்பாடும் இடையே சிற்றுண்டியுமாக உண்ண வேண்டும் என்பதே வைத்தியர் விதி. சோற்றின் அளவைக் குறைத்து மீனையும் கீரையையும் கூட்டுவதற்கு இந்தக் கடற்கரையைவிடச் சிறந்த இடம் எது? சாளையும் சூடையும் நெத்திலியும் கிடைக்கிற கரையில், முருங்கைக் கீரை வீட்டு வாசலிலேயே தழைக்கிற ஊரில், நல்ல புரதத்துக்காகப் பெரிய செலவு செய்ய வேண்டிய அவசியமில்லை. மாறாக, பனை நிறைந்த இந்த மாவட்டத்தில் பரவியிருக்கும் ஒரு தவறான நம்பிக்கையை மட்டும் திருத்திக்கொள்ள வேண்டும்: கருப்பட்டியும் சர்க்கரைதான். வெள்ளைச் சர்க்கரையை விலக்கிவிட்டுக் கருப்பட்டிக் காப்பியை மூன்று முறை குடிப்பதால் எந்த லாபமும் இல்லை. வெளிநாட்டிலிருந்து வரும் பேரீச்சம்பழமும், அரசாங்கத்தின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் வரும் பேரீச்சம்பழமும் சத்துள்ளவையே. எத்தனை உண்ணலாம் என்பதைச் செவிலியரிடம் கேட்டு உண்ண வேண்டும்.

மறுசோதனைக்குரிய 24 முதல் 28 வாரங்கள் என்பது நம் கணக்கில் ஏறக்குறைய ஏழாம் மாதம். இந்துக்களின் வளைகாப்பும், மற்றச் சமூகத்தாரின் ஏழாம் மாத விருந்துகளும், தாய் வீட்டுக்கு அழைத்துச் செல்லும் சடங்குகளும், வட்டலப்பமும் அல்வாவும் அதிரசமும் தட்டுத் தட்டாக வருவதும் அந்த மாதத்தை ஒட்டித்தான். நச்சுக்கொடியின் ஹார்மோன்கள் உச்சத்தை நோக்கிப் போகும் காலத்தில் ஊர் அன்போடு இனிப்பை ஊட்டுகிறது. அந்த விருந்துக்கு முந்தைய வாரமே சோதனையை முடித்துவிட்டால், தாய் வீட்டார் அறிந்து சமைப்பார்கள். சடங்குக்கும் குறை வராது, பிள்ளைக்கும் குறை வராது. வீடு மாறும்போது கர்ப்பிணிப் பதிவுக்கான பிக்மி எண்ணும் சோதனைச் சீட்டும் அவளோடு போக வேண்டும். புகுந்த வீட்டுச் செவிலியர் கண்டறிந்த நோய், பிறந்த வீட்டுச் செவிலியருக்குத் தெரியாமல் போவதுண்டு. இந்த இடைவெளியில் அநேகம் பெண்களின் சிகிச்சை நின்றுவிடுகிறது.

ரமலான் மாதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் தீங்கு வரும் என்ற அச்சமிருந்தால் நோன்பைப் பிற்பாடு நோற்றுக்கொள்ள மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. ஆயினும் பக்தி மிகுந்த பெண்கள் அந்தச் சலுகையை ஏற்க மனம் கொள்ளாததும் இயற்கையே. இன்சுலின் போட்டுக்கொள்ளும் பெண் பகலெல்லாம் உண்ணாமலிருந்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கக்கூடும். அந்தியில் நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழமும் சர்பத்தும் கஞ்சியும் ஒருங்கே சேர்ந்தால் சர்க்கரை தாவி ஏறக்கூடும். இதை வைத்தியரும் ஆலிம்களும் சேர்ந்து சொன்னால் வீடுகள் கேட்கும். வைத்தியர் மட்டும் சொன்னால் போதாது.

உணவாலும் நடையாலும் இரண்டு வாரத்தில் சாப்பிட்ட பின் சர்க்கரை 120-க்குக் கீழே வராவிட்டால், மருந்தோ இன்சுலினோ தருகிறார்கள். ஊசி என்றதும் பிள்ளைக்கு ஆகாதே என்று நடுங்கும் மாமிகளுக்கு ஒரு வார்த்தை: இன்சுலின் நச்சுக்கொடியைக் கடந்து பிள்ளையிடம் போகாது என்று முன்னமே சொன்னேன், பிள்ளையிடம் போவது, ஊசி போடாவிட்டால் மிஞ்சும் சர்க்கரைதான்.

நாற்பது கழிந்த பின்

குழந்தை பிறந்து நச்சுக்கொடியும் வெளிவந்துவிட்டால், பெரும்பாலான பெண்களுக்குச் சர்க்கரை சில நாட்களில் இயல்புக்குத் திரும்பிவிடுகிறது. அதோடு எல்லோருடைய கவனமும் பிள்ளையிடம் போய்விடுகிறது, தாய் மறக்கப்படுகிறாள். ஆனால் கர்ப்பகால நீரிழிவு கண்ட பெண்ணுக்குப் பிற்காலத்தில் நிரந்தர நீரிழிவு வரும் வாய்ப்பு, காணாத பெண்ணைவிட ஏழு மடங்கு என்று 2009-லும், ஏறக்குறையப் பத்து மடங்கு என்று 2020-லும் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டிருக்கிறார்கள். ஓ'சல்லிவன் 1964-ல் எல்லை வகுத்ததே இதை நினைத்துத்தான் என்று முன்னர் குறிப்பிட்டேன். நாற்பது வயதில் கண்ணும் சிறுநீரகமும் கெட்டு வந்து நிற்கும் பெண்ணின் நோய், இருபத்திரண்டு வயதில் தன் முதல் பிள்ளையின் காலத்திலேயே தலைகாட்டிவிட்டுப் போயிருக்கக்கூடும்; அந்த எச்சரிக்கையைச் சீட்டில் எழுதிவைத்துவிட்டு நாம் மறந்திருந்தோம் என்பதைவிட வேறு என்ன குற்றம் வேண்டும்?

பிரசவமாகி ஆறு வாரத்தில் தாய்க்கு மீண்டும் சோதனை செய்ய வேண்டும் என்பது அரசாங்கத்தின் நெறியிலேயே இருக்கிறது. நடைமுறையில் வலுவிழந்து நிற்பது இந்தக் கடைசிச் சோதனைதான் என்பது என் உறுதியான கருத்து. நாற்பது நாள் தீட்டு கழியும் வரை வீட்டைவிட்டு வெளியே வராத பெண், நாற்பத்தைந்தாம் நாள் குழந்தையைத் தடுப்பூசிக்குத் தூக்கிக்கொண்டு அருகிலுள்ள சுகாதார நிலையத்துக்குக் கட்டாயம் வருகிறாள். அந்த நாளும் ஆறு வாரமும் ஒன்றாகவே வந்துவிடுகின்றன. பிள்ளைக்கு ஊசி போடும் செவிலியர், முன்பு சர்க்கரை இருந்த தாயின் பெயரைக் குறித்து வைத்து, அவளுக்கும் அதே இருக்கையில் குளுக்கோஸ் நீரைக் கொடுத்து அமரச் சொல்ல வேண்டும். அதற்கென்று தனி வண்டியும் தனி நாளும் தேவையில்லை. பிறகு ஆண்டுக்கொருமுறை சோதிக்க, வீட்டு வாசலுக்கே வந்து சர்க்கரை பார்க்கும் மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் பட்டியலில் அவள் பெயரும் இருக்க வேண்டும். அடுத்த பிள்ளைக்கு முன்னால் ஒருமுறை சோதித்துவிட்டே கருத்தரிக்க வேண்டும்.

சேஷையா தம் பிற்கால எழுத்துக்களில், சிசுவின் கணையம் பதினோராம் வாரம் வாக்கில் இன்சுலின் சுரக்கத் தொடங்குவதால், எட்டாம் பத்தாம் வாரங்களிலேயே சோதித்துத் தடுக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். அவ்வளவு முன்னதாகச் சோதிக்க வேண்டுமானால், கருத்தரித்த செய்தியை இரண்டு மாதத்துக்குள் செவிலியரிடம் சொல்ல வேண்டும். கண்திருஷ்டிக்குப் பயந்து மூன்று மாதம் வரை மறைத்துவைக்கும் வழக்கமுள்ள வீடுகளுக்கு என் வேண்டுகோள் இது: ஊருக்குச் சொல்ல வேண்டாம், உறவுக்கும் சொல்ல வேண்டாம், செவிலியருக்கு மட்டும் சொல்லிவிடுங்கள். பிள்ளை பிறந்த பின் நாற்பத்தைந்தாம் நாள் தடுப்பூசிக்குப் போகும்போது, "தாய்க்கும் சுகர் பாருங்கம்மா" என்று மாமியாரே முன்வந்து கேளுங்கள்.